மீன் தலையில் ஒரு கல் (தாராவித் தமிழர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிய செயலாளர் தம்பி அவர்களே, இந்த மும்பைப் புழுக்கத்திலும் எனக்குச் சால்வை போர்த்திய புரவலர் ஐயா அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆழ்கடல் மீனுக்கு வயசு கண்டுபிடிக்க மூன்று வழி சொல்கிறேன். காதுக்கல், ஈயம், கண். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள், நியூசிலாந்துக்காரர்கள் 1970களின் கடைசியில் ஆரஞ்சு ரஃபி என்ற மீனைப் பிடிக்க இறங்கியது அப்படித்தான்.

காதுக்கல் என்றதும் எங்கள் வீட்டு விருந்து ஞாபகம் வருகிறது. சம்பந்தி முதல்முறை சாப்பிட வந்திருக்கிறார், கத்தாழை மீன் குழம்பு, மரியாதைக்குத் தலையை அவர் இலையில் வைத்தாயிற்று. கடக்கென்று ஒரு சத்தம். மனிதர் மெல்லுவதை நிறுத்திவிட்டு நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்க்கிறார். சம்பந்தியம்மா, "அரிசியில கல்லு பொறுக்கலையா?" என்று என் மனைவியைப் பார்க்க, என் மனைவி என்னைப் பார்க்க, நான் எழுந்துபோய் அந்த வெள்ளைக் கல்லைக் கழுவிக் கொண்டுவந்து, "சம்பந்தி, இது உங்க பல்லும் இல்ல, எங்க அரிசியும் இல்ல, மீனோட காதுக்குள்ள இருந்தது" என்றேன். உடனே இலையைக் கிளறி இன்னொன்றையும் தேடி எடுத்தார், பேரனுக்காம்!

அந்தக் கல்லில் மரத்துக்கு இருப்பதுபோல் வருஷத்துக்கு ஒரு வளையம். மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் சில ரஃபி மீன்களுக்கு 200ஐத் தாண்டுகிறது. யார் நம்புவார்கள்? அங்கேதான் ஈயம். கல்லின் நடுவில் மீன் குஞ்சாக இருந்தபோது சேர்ந்த ரேடியம்-226 என்ற, தானாகவே மெல்லச் சிதைகிற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அது பாதியாகவே 1600 வருஷம் ஆகும். அது சிதைந்து சிதைந்து ஈயம்-210 சேருகிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் ஏறக்குறைய 100 வயசு வரை சொல்லிவிடலாம். வளையக் கணக்கு பொய்யில்லை என்று அதில்தான் உறுதியானது.

முட்டையிடவே 30 வருஷம் போல ஆகிற மீன், ஐயா! முட்டையிடக் கூடுகிற கடலடி மலைகளிலேயே வலை போட்டு அள்ளினால் என்ன மிஞ்சும்? ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள்.

சரி, நியூசிலாந்தை விடுங்கள், நம் மும்பை மீன்பிடித் துறைமுகம் சசூன் டாக்குக்கு வாருங்கள். வெள்ளை வாவல் 2023 முதல் மகாராஷ்டிராவின் மாநில மீன். இத்தனை நீளத்துக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று அரசே அளவு வைத்திருக்கிறது. ஆனால் நம் மெஸ்களில் உள்ளங்கைகூட நிறையாத வாவல்தான் தட்டில் வருகிறது, கேட்டால் "இதுதான் சார் ருசி" என்கிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தானே வலையில் வருகிறது? இதைத்தான் நான் போகிற மேடையிலெல்லாம் சொல்கிறேன். ஆழம் தெரியாமல், சரி, தலைவர் மணியைத் தொடுகிறார்.

கண் பற்றி இன்னொரு நாள் பேசலாம், அது கிரீன்லாந்துச் சுறா கதை, பெரியது. வாசல் மேஜையில் நோட்டு இருக்கிறது. 'குட்டி வாவல் விற்க மாட்டோம்' என்று மெஸ்காரர்கள் கையெழுத்துப் போடுங்கள், சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே தனி நோட்டு.