நெப்டியூனைத் தந்த கணக்கு, வல்கனைத் தரவில்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அறிவியல் கருத்துகள் இயற்கையையே உள்ளபடி காட்டுகின்றன என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். அவை மனிதர் வகுத்துக்கொண்ட மாதிரிகள் என்பது எங்கள் நிலை. "வெறும் மாதிரி என்றால் கணிப்பு எப்படிப் பலிக்கிறது?" என்று கேட்டு, நெப்டியூனைச் சான்றாக நிறுத்தினார். நல்ல சான்றுதான்; ஆனால் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் விலகியபோது, அதை இழுக்கும் வேறொரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு, பெர்லின் வானாய்வகத்தில் வானியலாளர் காலே தொலைநோக்கியில் தெரிந்த விண்மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உடனிருந்த தாரெஸ்ட் அவற்றை விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். வரைபடத்தில் இல்லாத புள்ளியொன்று, கணித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே அகப்பட்டது. அதுதான் நெப்டியூன். இனி நியூட்டனின் ஈர்ப்பு விசையை ஐயுற முடியுமா என்கிறார் எதிரணித் தலைவர்.

முடியும். அதே லெ வெரியே, அதே விசையை நம்பி, 1859இல் புதனின் பாதையையும் ஆராய்ந்தார். அதன் நீள்வட்டம் கணக்கைவிடச் சற்றே கூடுதலாகத் திரும்பியது. இன்றைய அளவில் நூற்றாண்டுக்கு 43 விகலை, அதாவது ஒரு பாகையை 3600 கூறிட்டால் அதில் 43 கூறு. சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பல்லாண்டு தேடியும் கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் அந்த 43 விகலையைப் புதுக்கோள் எதுவுமின்றி விளக்கினார். அவர் கோட்பாட்டில் ஈர்ப்பு என்பது விசையே அன்று, காலமும் வெளியும் ஒன்றாய் இணைந்த காலவெளியின் வளைவு. விசைதான் இயற்கை என்றால், 1915இல் இயற்கையா மாறிவிட்டது?

கணிப்பு பலிப்பதற்குக் கருத்து உண்மையாக இருக்கத் தேவையில்லை என்பதற்குப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோவே போதும். வெப்பத்தை ஒரு பாய்மமாக, அதாவது நீர்போல் ஓடும் பொருளாகக் கொண்டு 1824இல் அவர் வெப்ப எந்திரத்தை ஆராய்ந்தார். அப்படியொரு பாய்மம் இல்லவே இல்லை. ஆயினும் எந்திரத்தின் உச்சத் திறனை அது வெப்பம் பெறும் இடம், விடும் இடம் ஆகிய இரண்டின் வெப்பநிலைகளே தீர்மானிக்கின்றன என்ற அவர் முடிவு இன்றும் நிற்கிறது.

இயற்கையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வல்கன் இல்லை என்று மறுத்தது இயற்கைதானே! அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றை மட்டும் தெளிவுபடுத்தட்டும்: விண்கலப் பாதைகளுக்கு இன்றும் பெரும்பாலும் கைகொடுக்கும் நியூட்டனின் விசை, ஐன்ஸ்டைனின் வளைவு, இவ்விரண்டில் இயற்கையின் சொந்த உடைமை எது?