ஊருக்குள் நுழைய 5 யூரோ! சிவிட்டா போய்விட்டு வந்தேன்

வணக்கம் மக்களே! போன வீடியோவில் இத்தாலியின் ஓர்வியேத்தோ நகரத்துக் கிணற்றில் 248 படி இறங்கினேன், நினைவிருக்கும். இன்று அங்கிருந்து பேருந்தில் பாஞோரேஜோ என்ற சிற்றூருக்கு வந்து, எதிர்க்குன்றில் இருக்கும் சிவிட்டா என்ற பழைய குட்டி ஊரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பினேன். முதலில் அந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

5 யூரோ! அருங்காட்சியகத்துக்கு இல்லை, கோபுரத்துக்கு இல்லை, ஊருக்கு! 2013இல் ஆரம்பித்தபோது 1.50 யூரோதான். தெருவில் நடக்கக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்காது, உங்களுக்கே தெரியும். இந்தக் காசில் இரண்டு காபி குடிக்கலாமே என்று கவுண்டர் முன்னால் நின்று கணக்குப் போட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

பாலத்தில் பாதி தூரம் போனதும் கோபம் போய்விட்டது. சுமார் 300 மீட்டர் நடைபாலம், முடிவில் நல்ல ஏற்றம். கார் போக வழியில்லை. ஊர் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைமேல். அதற்கு அடியில் களிமண். மழை களிமண்ணை அரிக்க அரிக்க, மேலே இருக்கும் பாறை பிடிமானம் இல்லாமல் பாளம் பாளமாக விழுகிறது. 'சாகும் ஊர்' என்றே இத்தாலியில் சொல்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் துறவி புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் இது. அவர் வீடு எப்போதோ பள்ளத்தில் சரிந்துவிட்டது! 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் பாஞோரேஜோவுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். இப்படி ஒரு ஊரைத் தாங்கிப் பிடிக்க 5 யூரோ கொடுக்கலாம் மக்களே, தாராளமாகக் கொடுக்கலாம்.

அட, வாசலைச் சொல்ல மறந்துவிட்டேன்! பாலம் முடியும் இடத்தில் சாந்தா மரியா வாசல். ரோமானியர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் பாறையைக் குடைந்து வெட்டிய வழி, 2500 வருடப் பழமை. வெயிலில் ஏறி வந்து அதற்குள் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. அதைத் தாண்டினால் சான் தொனாத்தோ சதுக்கம். ஜூனிலும் செப்டம்பரிலும் இங்கே கழுதைப் பந்தயம் நடக்கும். நினைவுப்பொருள் கடைகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் தணலில் வாட்டிய ரொட்டியில் பூண்டு தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தந்த புருஸ்கெத்தா இருக்கிறதே, இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

அப்புறம், திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் குறைவு. பாலத்திலிருந்து நிறுத்தம் வரை நல்ல நடை வேறு. நான் ஓடித்தான் பிடித்தேன்.