பத்தாவது படிச்சவரும் பிஹெச்டி படிச்சவரும் அதே க்யூல: கொரோனாவும் படிப்பும்

(திரையில்: ராத்திரி, ஆஸ்பத்திரி வாசல், நீளமான வரிசை)

2021 ஏப்ரல் கடைசி, மே மாசம் ஞாபகம் இருக்கா? சென்னை கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ் வாசல்ல ராத்திரியே வந்து இடம் போட்டுக் காத்துக் கிடந்தாங்களே, எல்லாம் கொரோனா நோயாளிக்குப் போடுற ரெம்டெசிவிர்ங்கற மருந்து ஊசிக்காக. கூட்டம் தாங்காம அப்புறம் நேரு ஸ்டேடியத்துக்கு மாத்துனாங்க. கையில டாக்டர் சீட்டு, ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட், ஆதார் காப்பின்னு ஃபைலோட நின்னாங்க, அதுல நல்லா படிச்ச குடும்பங்களும் இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அதுக்கு அஞ்சாறு மாசம் முன்னாடியே, 2020 நவம்பர்ல, இந்த மருந்து உயிரைக் காப்பாத்துதுன்னு சொல்ல ஆதாரம் போதாது, பரிந்துரைக்க மாட்டோம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. தேடுனா கிடைக்கிற தகவல்தான். ஆனா அம்மாவுக்கு மூச்சு வாங்குது, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துட்டாரு, அந்த நேரத்துல உக்காந்து யாரு தேடுவா? நானா இருந்தாலும் போய் நின்னிருப்பேன்.

"படிக்காதவங்களாலதான் நோய் பரவுது"ன்னு அப்ப டீக்கடையில இருந்து டிவி வரைக்கும் பேசுனாங்க. பாதி உண்மை. படிச்சவங்களுக்கு அறிவிப்பைப் படிச்சுப் புரிஞ்சுக்கறது ஈஸி, தடுப்பூசிக்கு கோவின் வெப்சைட்ல ஸ்லாட் புக் பண்றது ஈஸி. அதை விட முக்கியம், லேப்டாப்பைத் தொறந்தா ஆபீஸ், மாசாமாசம் சம்பளம் வந்துரும். ஒரே ரூம்ல ஆறு பேர், தண்ணி லாரி வந்தா குடத்தோட ஓடணும்ங்கற வீட்ல போய் தனியா இருங்க, அடிக்கடி கை கழுவுங்கன்னு சொன்னா அவங்களுக்குப் புரியாமலா இருக்கும்? புரியுது, செய்ய வழி இல்ல. இதைப் போய் படிப்பறிவு இல்லன்னு கணக்குல எழுதிட்டாங்க, எனக்கு இன்னும் கடுப்பு அதுல.

(திரையில்: வாட்ஸ்அப் ஃபார்வர்ட்)

2020 மார்ச் 22 சுய ஊரடங்கு அன்னைக்கு வந்த ஃபார்வர்டு: வைரஸ் 12 மணி நேரம்தான் உயிரோட இருக்கும், நாம 14 மணி நேரம் வெளிய வரலன்னா மொத்தமா செத்துரும். எங்க ஃபேமிலி குரூப்ல இதை முதல்ல போட்டது எஞ்சினியர் மாமா. வைரஸ் ரோட்டுல மட்டும் இல்ல, மனுஷன் உடம்புக்குள்ளயும் இருக்கு, வீட்ல உக்காந்தா அது எங்கயும் போயிராதுங்கற யோசனை அவருக்கு வரவே இல்ல. பாருங்க, இந்தப் பொய்யை நம்பறதுக்கே கொஞ்சம் படிப்பு தேவைப்படுது, 14ல 12 போனா 2 மணி நேரம் மிச்சம்னு கணக்கு போடணும்ல!

அப்புறம் நடிகர் விவேக் சார் விஷயம். 2021 ஏப்ரல் 15 ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில கொரோனா தடுப்பூசி போட்டாரு, மத்தவங்களும் போடுங்கன்னு சொல்றதுக்காகவே பொதுவுல போட்டாரு. 17ஆம் தேதி மாரடைப்புல போயிட்டாரு. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசோட குழு சொன்னது அக்டோபர்ல. நடுவுல ஆறு மாசம் "பாத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்"னு தள்ளிப் போட்டவங்கள்ல டிகிரி வாங்குனவங்களுக்கும் குறைவில்ல. ஊசி போட்ட லட்சக்கணக்கான பேர்ல சிலருக்கு எப்படியும் அந்த வாரத்துல மாரடைப்பு வரத்தான் செய்யும், இது நம்ம ஸ்கூல் புள்ளியியல்தான், ஆனா பரீட்சை ஹாலை விட்டு வெளிய வந்ததும் அது நமக்கு மறந்து போயிருது.

(திரையில்: நீலகிரி, மலைப்பாதையில ஜீப்)

இப்ப நீலகிரிக்குப் போவோம். இருளர், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர்னு பழங்குடி ஊர்கள், பள்ளிக்கூடம் பாதியில விட்டவங்க நிறைய. ஆரம்பத்துல ஊசிக்காரங்க வர்றாங்கன்னாலே பயந்து ஒதுங்குனவங்க இருந்தாங்க. ஆனா அவங்க பாஷையிலயே, அவங்க ஆளுங்களே பேசுனாங்க, டீம் ஊர் ஊரா தேடிப் போச்சு. 2021 ஜூன் கடைசிக்குள்ள 18 வயசு தாண்டுன பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் முதல் டோஸ் போட்டாச்சுன்னு செய்தி வந்துச்சு. அந்த மாசம் எங்க எஞ்சினியர் மாமா இன்னும் "பாத்துட்டுப் போடலாம்"லதான் இருந்தாரு.