மலைச்சரிவு வீட்டில் வைஃபை பூட்டு

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலில் பல வீடுகள் படிக்கட்டுபோல் சரிவில் நிற்கின்றன. கீழ்வீட்டுக் கூரையும் மேல்வீட்டு வாசலும் ஒரே மட்டம். இடையில் சுவர் இல்லாததால் உங்கள் வைஃபை அலை மேல் சாலையில் நிற்கும் கார்வரைகூடப் போகலாம். அலையை நிறுத்த முடியாது, பூட்டலாம்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 போல ஒரு முகவரி இருக்கும். பிரவுசரில் அதை அடித்து உள்ளே போங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரூட்டரையே திறக்கும் சாவி.

அடுத்து செக்யூரிட்டி வகை, அதாவது வைஃபையைப் பூட்டும் முறை. பழைய முறையான டபிள்யூ.ஈ.பி. 2001-லேயே உடைக்கப்பட்டது, தொடவே வேண்டாம். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 இருந்தால் அதை வையுங்கள். பழைய போன் சேர மறுத்தால் டபிள்யூ.பி.ஏ.-2-உம் 3-உம் கலந்த அமைப்பு. அதுவும் இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.-2, கூடவே ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறை. டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்க முறை வேண்டாம், அது பலவீனம், வேகத்தையும் 54 மெகாபிட்டில் கட்டிப்போடும்.

டபிள்யூ.பி.ஏ.-2-இல் முழுப் பாரமும் பாஸ்வேர்டின் மேல்தான். உங்கள் போன் ரூட்டரோடு சேரும் நொடியில் பரிமாறுவதைப் பிடித்துக்கொண்டால், ஒருவர் வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். எத்தனை முறை தவறினாலும் உங்களுக்குத் தெரியாது. பலரும் வைக்கும் 10 இலக்க போன் நம்பரை நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வையுங்கள்: கம்பளி, தபால், முருங்கை, ஏணி, சுண்ணாம்பு என்பதுபோல. வானொலியில் சொன்ன இவற்றையே வைத்துவிடாதீர்கள். 63 எழுத்துவரை இடமுண்டு.

பாஸ்வேர்டு அடிக்காமலே போனைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமும் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே 11,000 முயற்சி போதும். எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் இது பின்வாசல். நெட்வொர்க் பெயரை மறைப்பதால் பயனில்லை.

ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் விருந்தினருக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து, அதன் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள். சிசிடிவியும் பில் போடும் கம்ப்யூட்டரும் உங்கள் நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்ததும் நெட் வரவில்லையென்று ஊசியால் ரீசெட் துளையைக் குத்தாதீர்கள். நாம் செய்த எல்லாம் அழிந்து, பழைய பாஸ்வேர்டே திரும்பிவிடும். இணைப்பு கொடுத்தவர் போட்ட அமைப்பும் போய்விடலாம். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.