பெருங்குடல் கட்டி: எத்தனை சென்டிமீட்டர் என்பதா கேள்வி?

ரிப்போர்ட்டில் "4 சென்டிமீட்டர் கட்டி" என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் அந்த 4-ஐப் பிடித்துக்கொண்டு பயப்படுவார்கள். ஆனால் பெருங்குடல் புற்றுநோயின் ஸ்டேஜை, அதாவது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற நிலையை, முடிவு செய்வது அந்த அளவு இல்லை. குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வெளியே எங்கெல்லாம் போயிருக்கிறது, அதுதான் கணக்கு.

[திரையில்: குடல் சுவரின் குறுக்குவெட்டு]

உள்ளே சளிச்சவ்வு, அதற்கு அடியில் ரத்தக்குழாய்கள் ஓடும் ஒரு அடுக்கு, அப்புறம் தசை, வெளியே மெல்லிய உறை. பெரும்பாலும் எல்லாம் சளிச்சவ்வில் பாலிப் என்ற சின்ன முளையாகத்தான் தொடங்கும். அது புற்றுநோயாக மாற பொதுவாக 10 வருடம் போல ஆகும் என்பதால், கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யும்போதே கம்பிக் கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிட்டால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

வலது பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவிடும். நடுத்தர வயதைத் தாண்டியவருக்குக் காரணமில்லாத ரத்தசோகை என்றால், வெறும் இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. இடது பக்கத்தில் குழாய் குறுகல், மலமும் கெட்டி, அதனால் மலம் கழிக்கும் பழக்கமே மாறும், ரத்தமும் தெரியலாம். இதை "மூலம்தான்" என்று தானாக முடிவு கட்டுகிறவர்கள்தான் எத்தனை பேர்!

புற்றுநோய்தான் என்று உறுதி செய்வது பயாப்ஸி, அதாவது கட்டியில் சின்னத் துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, புகைபிடிப்பவர்களுக்கும் அது கூடலாம்; சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கவனிக்கத்தான் அது உதவும். பயாப்ஸிக்குப் பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சிடி ஸ்கேன்.

[திரையில்: குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரை]

குடலுக்கு எதற்கு நெஞ்சு ஸ்கேன்? பெருங்குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அதனால் பிரிந்துபோகும் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்கும், அடுத்து நுரையீரல். மலக்குடலின் அடிப்பகுதி ரத்தமோ கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போய்விடுவதால், அங்குள்ள கட்டி நேரே நுரையீரலுக்குத் தாவலாம். நோய் பரவும் இன்னொரு வழி, குடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் என்ற சின்னச் சின்ன உருண்டைகள். ஆபரேஷனில் எடுத்ததில் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் "பரவவில்லை" என்று எழுதியிருப்பதை முழுசாக நம்ப முடியாது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

கல்லீரலுக்குப் பரவினாலும் அது பெருங்குடல் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான். அங்கே ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்து, அவற்றை வெட்டி எடுத்து முழுசாகக் குணமானவர்களும் உண்டு. அதனால் ஸ்டேஜ் 4, அதாவது வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டாலும், கல்லீரல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் ஸ்கேனைக் காட்டி, இதை எடுக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.