துணி பிடித்த கை

நண்பர்களே, திரையில் தெரிகிற இந்த இளைஞனைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பழுப்பு மேலங்கி, வெள்ளைக் காலர். ஒரு கை நெஞ்சருகே, இன்னொரு கையில் சுண்ணக்கட்டி. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1804இல், தன் 24 வயதில், தன்னையே வரைந்த எண்ணெய் வண்ணப் படம் இது. பாரிசுக்கு வடக்கே ஷாந்தீயி மாளிகையில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் படத்தையும் இரவல் தரக் கூடாது என்பது அந்த மாளிகையைக் கொடையாகத் தந்தவர் வைத்த நிபந்தனை. பார்க்க வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும்.

ஆனால் நீங்கள் பார்ப்பது அந்த 24 வயதுப் பையன் வரைந்தபடி இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆங்கர் பயின்றது தாவீது என்ற பிரெஞ்சு ஓவியரின் பட்டறையில். கோடு முதலில், வண்ணம் அப்புறம். தூரிகை போன தடம் தெரியக் கூடாது. இதுதான் அங்கே பாடம். 1801இல் ரோம் பரிசு வென்றார். வென்றவரை அரசு தன் செலவில் ரோமுக்கு அனுப்பிக் கலை பயில வைக்கும் பரிசு அது. அவரை அனுப்பி வைக்க அரசிடம் பணமில்லை. 1806 வரை பாரிசில் காத்திருந்தார். காத்திருந்த அந்த நாட்களில் வரைந்த படம் இது.

1806இல் சலோன் என்ற பாரிசின் பெரிய ஓவியக் கண்காட்சியில் இதை வைத்துவிட்டு ரோமுக்குக் கிளம்பினார். விமர்சகர்கள் அவருடைய படங்களை வார்த்தைகளால் கிழித்துப் போட்டார்கள். செய்தி பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. மனிதர் நொந்துபோனார்.

சரி, அவர்கள் பார்த்த படம் எப்படி இருந்தது? அது நமக்குத் தெரிவது ஒரு பெண்ணால். ஜூலி ஃபோரெஸ்தியே, அவரும் ஓவியர், ஆங்கருக்கு நிச்சயிக்கப்பட்டவர். 1807இல் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பிரதி வரைந்தார். ரோமிலிருந்து கடிதம் எழுதி ஆங்கர் நிச்சயத்தை முறித்ததும் அதே ஆண்டில்தான். பிரதி இன்று ஆங்கரின் சொந்த ஊரான மோந்தோபானில் இருக்கிறது. அதில் பெரிய மேலங்கி ஒற்றைத் தோளில் தொங்குகிறது. கையில் ஒரு துணி. எதிரே நிற்கும் படத்தை அந்தத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான் இளைஞன்.

பல ஆண்டுகள் கழித்து, பேரும் புகழும் வந்த ஆங்கர், தன் இளம் வயதுப் படத்தில் மறுபடி கை வைத்தார். துணியை எடுத்துவிட்டார். துடைத்த கையை நெஞ்சுக்குக் கொண்டு வந்தார். அங்கியை மாற்றினார். முகத்தின் இளமை மட்டும் அப்படியே இருக்கிறது.

திருத்திய படம் அமைப்பில் உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். சிதறல் இல்லை, பார்வை நேரே முகத்துக்குப் போகிறது. ஆனாலும் என் மனம் ஜூலியின் பிரதியில்தான் நிற்கிறது. ஓவியன் தன்னை உலகத்துக்குக் காட்ட எத்தனையோ கோலம் உண்டு. வரைந்ததை அழிக்கிற நொடியைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இங்கே படம் வரைகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்கு இது புரியும்.

தம்பி, அடுத்த படத்தைப் போடுங்கள். இதோ, ஜூலியின் பிரதி. முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தத் துணியைப் பாருங்கள்.