பிராட்வேயின் பாட்டுக்காரர், நியூயார்க்கின் போலீஸ்காரர்

தலைவர் அவர்களுக்கும், இந்த மாலை நேர நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க இசை நாடகத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மொத்தத்தையும் பேசப் போனால் வீட்டுக்குப் போகும்போது யார் கையிலும் எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு நடிகரை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்ரி ஆர்பாக். பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் 'லா அண்ட் ஆர்டர்' சீரியலில் ஓவர்கோட்டும் களைத்த முகமுமாக வரும் டிடெக்டிவ் லென்னி பிரிஸ்கோ என்றால் சிலருக்குப் பிடிபடும். 'டர்ட்டி டான்சிங்' படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வரும் டாக்டர் அவர்தான். டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கார்ட்டூனில் விருந்தாளியை வரவேற்றுப் பாடும் மெழுகுவர்த்தி, அதுவும் அவர் குரல்தான்.

இதெல்லாம் அவர் வாழ்க்கையின் பின்பாதி. அதற்கு முன்னால் ஏறத்தாழ முப்பது வருஷம் அவர் நியூயார்க் இசை நாடக மேடையில் பாடி நடித்தவர். போலீஸ் வேடத்தில் நாம் ரசித்த வித்தை முழுவதும் அந்த மேடையில் கற்றது என்பதுதான் என் கட்சி. எடுபடுகிறதா என்று பார்ப்போம்.

1935 அக்டோபர் 20-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். அப்பா உணவகம் நடத்தியவர், வாட்வில் என்ற பழைய பல்சுவை மேடைகளில் ஏறியவர். அம்மா வானொலியில் பாடியவர். குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் இல்லினாய் மாநிலத்தின் வாக்கிகனில் பள்ளிப் படிப்பை முடித்தார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தவர், பட்டம் வாங்கக் காத்திருக்காமல் 1955-இல் நியூயார்க்குக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

வந்த வேகத்திலேயே வேலை கிடைத்தது. கிறிஸ்டோபர் தெருவில் தியேட்டர் டி லிஸ் என்ற சின்ன அரங்கில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், இசையமைப்பாளர் குர்ட் வைல் கூட்டணியின் 'த்ரீபென்னி ஆப்பரா' ஓடிக்கொண்டிருந்தது. அதில் சில்லறை வேடங்களிலும் மாற்று நடிகராகவும் நுழைந்து, படிப்படியாக முக்கிய வேடங்களுக்கு வந்தார். மாற்று நடிகர் என்றால் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்த வேடத்தில் ஏற வேண்டியவர். பல பேருடைய வசனமும் பாட்டும் தலையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் சொல்லித் தராத பாடம் அது.

அங்கே ஒரு வாரத்துக்கு எட்டு காட்சிகள். பகல் காட்சிகளும் அதற்குள்ளேயே அடக்கம். பெரும்பாலும் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. புதன்கிழமை மதியம் ஒரு முறை அழுது, பாடி, ஆடிவிட்டு, சாப்பிட்டு வந்து இரவு மறுபடியும் அதே அழுகை, அதே பாட்டு. நானூறாவது முறை சொல்லும் வசனம் முதல் முறை போலக் கேட்க வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு அது முதல் முறைதானே.

1960 மே 3-ஆம் தேதி கிரீனிச் வில்லேஜில் சல்லிவன் தெரு அரங்கில் 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' தொடங்கியது. சுமார் 150 இருக்கைகள்தான். பக்கவாத்தியம் ஒரு பியானோ, ஒரு ஹார்ப். இரண்டு வீடுகளுக்கு நடுவில் சுவர் வேண்டுமா? ஊமை வேடத்தில் ஒருவர் ஒரு கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதுதான் சுவர். நிலா ஒரு அட்டை. கதை சொல்லியாகவும் கொள்ளைக்காரனாகவும் வரும் எல் காயோ என்ற வேடம் ஆர்பாக்குக்கு. காட்சி தொடங்கியதும் அவர் முன்னால் வந்து, செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லி மெதுவாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஆட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. முதல் வரிசை கால் நீட்டினால் படும் தூரத்தில் இருக்கிறது. அந்த நெருக்கத்தில் குரலைக் காட்டுகிறேன் என்று பாடினால் எடுபடாது. ஒருவரிடம் பேசுவது போலப் பாட வேண்டும்.

அந்த நாடகத்துக்கு ஆரம்பத்தில் கூட்டமே இல்லை. விமர்சனங்களும் கலவைதான். தயாரிப்பாளர் லோர் நோட்டோ மூட மறுத்துவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். 2002 ஜனவரி வரை ஓடியது, 17,162 காட்சிகள். ஆர்பாக் அதில் தொடக்க காலத்தில் மட்டும் இருந்துவிட்டு அடுத்த வருஷமே பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளுக்கு, போய்விட்டார். அப்புறம் எத்தனையோ பேர் அந்த வேடத்தைப் போட்டார்கள். பாட்டை உலகுக்குக் கொடுத்த முதல் குரல் யாருடையது என்பது இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

1961-இல் 'கார்னிவல்'. சர்க்கஸில் பொம்மலாட்டம் நடத்தும் கால் ஊனமான, கசப்பு நிறைந்த மனிதன். நேரில் அன்பாகப் பேசத் தெரியாதவன், பொம்மைகள் மூலம் மட்டும் அன்பாகப் பேசுவான். இயக்கம் கோவர் சாம்பியன், தயாரிப்பு டேவிட் மெர்ரிக். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

1968 டிசம்பரில் 'ப்ராமிஸஸ், ப்ராமிஸஸ்'. மெர்ரிக்தான் தயாரிப்பாளர். பர்ட் பேக்கராக்கின் இசை, நீல் சைமனின் வசனம். தன் அறையின் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுத்துப் பதவி உயர்வு தேடும் ஒரு குமாஸ்தாவின் கதை. தாளம் அடிக்கடி மாறும் பேக்கராக்கின் மெட்டுகள் பாடுகிறவர்களைப் படாதபாடு படுத்தும். அதையும் பாடிக்கொண்டு, நடுநடுவே சபையைப் பார்த்து ரகசியம் சொல்வது போலப் பேச வேண்டும். அந்தக் குமாஸ்தா செய்வது சுத்தமான கயமை. ஆனாலும் அவன் நம் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் நாம் அவனை மன்னித்துவிடுவோம். 1969-இல் இசை நாடகத்தின் சிறந்த நடிகருக்கான டோனி விருது, பிராட்வேயின் உயர்ந்த விருது, அவருக்குக் கிடைத்தது.

1975-இல் 'சிகாகோ'. பாப் ஃபாஸியின் இயக்கம், அவருடைய இதய அறுவை சிகிச்சையால் ஒத்திகை பல மாதம் தள்ளிப்போன நாடகம். க்வென் வெர்டன், சீட்டா ரிவேரா இரண்டு கொலைகாரிகள். அவர்களைக் காப்பாற்றும் வக்கீல் பில்லி ஃப்ளின்னாக ஆர்பாக். நீதிமன்றமே சர்க்கஸ் என்று நம்புகிற, பணம் ஒன்றையே பார்க்கிற வக்கீல். இன்று இந்த நாடகம் பிராட்வேயில் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது 1996-இல் தொடங்கிய மறுபதிப்பு. முதல் பதிப்புக்கு அதிர்ஷ்டம் போதவில்லை. அதே வருஷம் 'எ கோரஸ் லைன்' வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. 1976 டோனி விருதுகளில் அதற்கு 9, 'சிகாகோ'வுக்கு ஒன்றுகூட இல்லை. 2002-இல் படமாக்கியபோது பில்லி ஃப்ளின் வேடம் ரிச்சர்ட் கியருக்குப் போனது. கியர் நன்றாகத்தான் செய்தார், ஆனால் அவர் தன்னை ரசிக்கிறார். 1975 இசைப்பதிவில் ஆர்பாக்கைக் கேளுங்கள்: தான் சொல்வது பொய் என்று தனக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும், இருந்தும் இருவரும் சேர்ந்து மகிழலாம் என்கிற குரல்.

இப்போது 1980 ஆகஸ்ட் 25. வின்டர் கார்டன் அரங்கில் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' முதல் நாள். தயாரிப்பு மெர்ரிக், இயக்கம் சாம்பியன். 'கார்னிவல்' கூட்டணி மறுபடியும். ஆர்பாக்குக்கு ஜூலியன் மார்ஷ் என்ற நாடக இயக்குநர் வேடம், எப்படியாவது தன் நாடகத்தை மேடை ஏற்றியே தீரப் போராடுகிறவன். அன்று காலை, ரத்தப் புற்றுநோயால் கோவர் சாம்பியன் இறந்துபோனார். மெர்ரிக் அந்தச் செய்தியை அமுக்கிவிட்டார். நடிகர்களுக்குச் சொல்லவில்லை, பத்திரிகைக்கும் சொல்லவில்லை. இரவு நாடகம் நடந்தது. சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது, திரை மறுபடி மறுபடி ஏறி இறங்கியது. அப்போது மெர்ரிக் மேடைக்கு வந்தார். துயரமான செய்தி என்று ஆரம்பித்தார். விளம்பர வித்தைகளுக்குப் பேர்போன மனிதர், ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். சாம்பியன் இன்று காலை இறந்துவிட்டார் என்றார்.

நடிகர்கள் ஒப்பனையோடு மேடையில் நிற்கிறார்கள். அழுகை வெடிக்கிறது. கேமராக்கள் எதிரே இருக்கின்றன. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திரையை இறக்கு என்று குரல் கொடுத்தவர் ஆர்பாக். மேடையில் இயக்குநர் வேடம் போட்டிருந்தவர், உண்மையான இயக்குநர் இல்லாத அந்த நிமிஷத்தில் அந்த வேலையையும் செய்தார். மெர்ரிக் செய்தது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். சாவை விளம்பரமாக்கினார் என்பது என் எண்ணம். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுக்க அந்த நாடகம்தான். 3,486 காட்சிகள் ஓடியது.

ஆர்பாக் அதில் சில வருஷங்கள் இருந்தார். அதோடு அவருடைய பிராட்வே கணக்கு முடிந்தது. காரணம் அவர் குரல் என்று நினைக்க வேண்டாம். 1982-இல் லண்டனிலிருந்து 'கேட்ஸ்' வந்தது, பின்னாலேயே 'லே மிசராப்ல்', 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா'. இவற்றில் பேச்சே குறைவு. முழுக்கப் பாட்டு, பிரமாண்ட மேடை. பேசிக்கொண்டே பாட்டுக்குள் நழுவும் நகரத்து மனிதன் என்ற வேடத்துக்கு மவுசு குறைந்துபோனது. ஆர்பாக்கின் சரக்கு அதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் 'ஸ்வீனி டாட்' நாயகி ஏஞ்சலா லான்ஸ்பரியும் 'மர்டர், ஷி ரோட்' என்று தொலைக்காட்சிக்குப் போனார். அந்த சீரியலில் ஆர்பாக் ஹாரி மெக்ரா என்ற தனியார் துப்பறிவாளராக வந்தார். அந்தப் பாத்திரத்துக்கென்றே 1987-இல் தனி சீரியல் தொடங்கினார்கள். ஒரே சீசனில் நின்றது.

சரி, 'லா அண்ட் ஆர்டர்' விஷயத்துக்கு வருவோம். 1990-இல் தொடங்கிய சீரியல். ஒவ்வொரு எபிசோடிலும் முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி வக்கீல்கள். பெரும்பாலான சீரியல்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுக்கப்பட்ட காலத்தில் இது நியூயார்க்கிலேயே, செல்சி பியர்ஸ் ஸ்டுடியோவிலும் தெருக்களிலும் எடுக்கப்பட்டது. அதனால் வாராவாரம் சாட்சி, கொலையாளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்தவர்களில் ஏராளமானோர் அந்த நகரத்து மேடை நடிகர்கள். இரவு நாடகத்துக்குப் பகலில் சோறு போட்டது இந்த சீரியல்.

மூன்றாவது சீசனின் நடுவில், டிடெக்டிவாக நடித்துவந்த பால் சோர்வினோ விலகினார். அவரும் பாடகர், ஆப்பராவில் ஆசை உள்ளவர். குளிரில் தெருவில் நின்று நடித்தால் குரல் கெட்டுவிடும் என்பது அவர் விலகியதற்கு ஒரு காரணம். அந்த இடத்துக்கு வந்த இன்னொரு பாடகர் ஆர்பாக். 1992, அவருக்கு 57 வயது. முந்தைய சீசனில் ஒரு எபிசோடில் வக்கீலாக வந்து போனவர்தான். குடியை விட்ட, இரண்டு முறை விவாகரத்தான, எதற்கும் அதிர்ச்சி அடையாத போலீஸ்காரர் லென்னி பிரிஸ்கோ பிறந்தார்.

ஒவ்வொரு எபிசோடும் எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். யாரோ ஒரு பிணத்தைப் பார்க்கிறார்கள். போலீஸ் வருகிறது. விவரம் ஓரிரு வரி. பிறகு பிரிஸ்கோ பிணத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரி சொல்வார், உடனே தலைப்பு இசை. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் அழுத்தினால் அசிங்கம், செத்தவனைக் கேலி செய்வதாகிவிடும். விட்டுச் சொன்னால் சப்பென்று போகும். இசை நாடகத்தில் பாட்டு முடியும்போது கடைசி அடியில் வாத்தியங்களோடு சேர்ந்து டக்கென்று நிறுத்துவார்கள், கைதட்டல் அங்கேதான் விழும். பத்தில் ஒரு பங்கு நொடி பிசகினாலும் கைதட்டல் சிதறும். பிரிஸ்கோவின் அந்த வரி அதே இடத்தில், அதே கணக்கில் விழுகிறது. முப்பது வருஷம் வாரம் எட்டு முறை அந்த இடத்தைப் பிடித்தவருக்கு இது கைப்பழக்கம்.

தகவல் சொல்லும் வசனங்களும் அப்படித்தான். மருத்துவ அறிக்கை, தொலைபேசிப் பட்டியல், முகவரி என்று ஒரு போலீஸ் சீரியலில் பாதி வசனம் உலர்ந்த விவரம். அதை நடந்துகொண்டே, காபி குடித்துக்கொண்டே, ஒரு எழுத்து விழுங்காமல் சொல்கிறார். தாளம் மாறும் பேக்கராக் பாட்டில் வார்த்தையைத் தெளிவாகச் சொல்லிப் பழகிய வாய் அது. 1999-இல் அவருக்கு ஜோடியாக வந்த ஜெஸ்ஸி எல். மார்ட்டினும் 'ரென்ட்' இசை நாடகத்தின் முதல் குழுவைச் சேர்ந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகவும் நம்பத்தகுந்த போலீஸ் ஜோடி இரண்டு பாட்டுக்காரர்கள் என்பது எனக்கு அலுக்காத வேடிக்கை.

பன்னிரண்டு சீசன்கள். 2004-இல் அந்த சீரியலை விட்டு அதன் கிளைத் தொடர் ஒன்றுக்கு மாறினார். புரோஸ்டேட் புற்றுநோயோடு படப்பிடிப்புக்கு வந்தார், இரண்டு எபிசோடுகளோடு நின்றது. டிசம்பர் 28-ஆம் தேதி, 69 வயதில் இறந்தார். பிராட்வே அரங்குகள் அவருக்காக விளக்குகளை மங்கலாக்கின. தொலைக்காட்சியில் புகழ் பெற்றவரைத் தங்களவர் என்று மேடை உரிமை கோரியது. அவர் விருப்பப்படி கண்கள் தானம் செய்யப்பட்டு இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது. மேற்கு 53-ஆவது தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கும் மூலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேடையில் அவர் செய்ததில் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒலிதான். 1960-இன் 'ஃபேன்டாஸ்டிக்ஸ்' பதிவும் 1975-இன் 'சிகாகோ' பதிவும் இன்றும் கிடைக்கின்றன. இரண்டையும் கேட்டுவிட்டு, அப்புறம் பிரிஸ்கோ வரும் ஏதாவது ஒரு எபிசோடின் முதல் மூன்று நிமிஷத்தைப் பாருங்கள். என் கட்சி தோற்றுவிட்டது என்று தோன்றினால் அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். இப்போது கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. ரிச்சர்ட் கியர் ரசிகர்கள் முதலில் கேட்கலாம்.